டிமோத்தியிலிருந்து நம்மூர்க் காய்ந்த புல்லுக்கு: கினி பிக் மூன்றும் அடம் பிடிக்கின்றன

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு எழுதியது:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். வீட்டில் மூன்று கினி பிக், மூன்றும் பெண். தட்டுவடைக்கு மூன்று வயது, நொறுக்குக்கு இரண்டு, முறுக்கு போன ஐப்பசியில் குட்டியாக வந்தது, இப்போது நாலரை மாதம் இருக்கும். (பெயர் வைத்தது என் தம்பி, கடை வாசலில் தட்டுவடை செட் தின்றுகொண்டே வைத்தான், என்னைத் திட்டாதீர்கள்.)

இதுவரை வெளிநாட்டிலிருந்து வரும் டிமோத்தி ஹேதான் (டிமோத்தி என்கிற குளிர்நாட்டுப் புல்லைக் காயவைத்தது) வாங்கிப் போட்டேன். கிலோ 850 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து மாதம் நாலரை கிலோ ஆகிறது, அதில் பாதியை மூத்திரம் போய் மிதித்தே வீணாக்குகின்றன, அது வேறு கதை. மாதம் நாலாயிரத்தைத் தொடுகிற செலவு. அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஆர்டர் குறைவு, "நாம சாப்பிடற அரிசி கிலோ அறுபது, இதுங்க தின்னற புல்லு எண்ணூத்தம்பதா" என்று தினமும் கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் போன வாரம் ஓமலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுக்கட்டைப் புல் காய்ந்தது கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, வண்டியில் போய் 12 கிலோ கட்டு ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். அன்றைக்கே கூண்டைச் சுத்தம் செய்து, டிமோத்தியை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். மூன்றும் ஓடிவந்து முகர்ந்தன, இரண்டு நிமிடம் கடித்தன, அப்புறம் அதன்மேலேயே படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து வீக் வீக் என்று ஒரே சத்தம். நான்கு நாள் ஆகிறது. பட்டறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: தட்டுவடை 1012 கிராமிலிருந்து 968, நொறுக்கு 930லிருந்து 915, முறுக்கு 540 இருந்தது 538. பசித்தால் தானாகத் தின்னும் என்று தம்பி சொல்கிறான். புல் மஞ்சளாக, தண்டு தண்டாக இருக்கிறது, வாசனை ஒன்றும் பெரிதாக இல்லை.

இந்தப் புல் சரியானதுதானா? பக்கத்து வீட்டில் கோ-4 என்கிற மாட்டுத்தீவனப் புல்லைப் போடு என்கிறார்கள், ராஜகணபதி கோயில் பக்கம் அருகம்புல் கட்டு விற்கிறார்கள், அதை வாங்கிக் காயவைத்தால் ஆகுமா? யாராவது டிமோத்தியை முழுசாக விட்டுவிட்டு வளர்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கால்நடை_நாலாம்வருஷம் எழுதியது:

முதல் வேலை, இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய்ப் பழைய டிமோத்தியைத் திரும்பப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பசித்தால் தின்னும் என்பது நாய்க்குச் சரி, இதற்குப் பொருந்தாது. கினி பிக்கின் குடல் நின்றுவிட்டால் மறுபடி ஓடவைப்பது கஷ்டம், அரை நாள் ஒரு நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலே ஆபத்தான கட்டத்துக்குப் போய்விடும். அதன் பெருங்குடல் தொடக்கத்தில் பை மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துத்தான் அதற்குச் சத்தே கிடைக்கிறது. புல் மாறினால் அந்த நுண்ணுயிர்க் கூட்டமும் மாறவேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். பல்லும் அப்படித்தான். இருபது பல்லும் சாகிறவரை வளர்ந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்க நாரை அரைத்துக்கொண்டிருந்தால்தான் தேயும். பெல்லட் என்கிற கடைத் தீனிக் குச்சியும் காயும் தின்று வயிறு நிறைந்துவிட்டால் பல் தேயாது, கடைவாய்ப் பல் நீண்டு நாக்கைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும்.

தட்டுவடை நான்கு நாளில் 44 கிராம் இறங்கியிருக்கிறது. தின்றது, கழிந்தது என்று ஒரே நாளில் இருபது முப்பது கிராம் ஏறி இறங்குவது சகஜம், ஆனால் தொடர்ந்து ஒரே பக்கமாக இறங்கினால் அது வேறு. உடம்பெடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் யோசிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். முறுக்கு 2 கிராம்தானே என்று விட்டுவிடாதீர்கள், வளர்கிற குட்டி எடை ஏறாமல் நிற்பதே இறங்கியதற்குச் சமம். புழுக்கையையும் பாருங்கள், சின்னதாக, காய்ந்து, எண்ணிக்கை குறைந்திருந்தால் உள்ளே தீனி போகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. இவை குட்டியில் தின்று பழகியதைத்தான் "தீனி" என்று மனதில் வைத்துக்கொள்கின்றன. மூன்று வருஷம் டிமோத்தி தின்ற தட்டுவடைக்கு உங்கள் கொழுக்கட்டைப் புல் மெத்தையாகத்தான் தெரியும். முறுக்கு சின்னது, அது சீக்கிரம் பழகும், அதைப் பார்த்து மற்றதும் வரலாம்.

சும்மா_சொல்றேன் எழுதியது:

எங்க ஆயா வீட்டு மாடு வெறும் வைக்கோல் தின்னே ரெண்டு வேளையும் பால் கறக்குது. இந்த எலிக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? வைக்கோலைப் போடுங்க, கட்டு நூறு ரூபாய்.

கால்நடை_நாலாம்வருஷம் எழுதியது:

ஆயா வீட்டு மாடு புண்ணாக்கும் தவிடும் பச்சையும் சேர்த்துத்தான் தின்றிருக்கும், வைக்கோல் மட்டும் தின்ற மாடு கறக்காது. மாட்டுக்கு அசைபோடுகிற நாலு அறை வயிறு. வைக்கோலில் புரதம் மிகக் குறைவு, மணல் சத்தான சிலிக்கா அதிகம், முனை குத்தும், நெல்லுக்கு அடித்த மருந்து வேறு. கூண்டில் அடியில் பரப்பிக்கொள்ளுங்கள், ரெண்டு குச்சியைக் கடித்தால் ஒன்றும் ஆகாது, தீனியாக வேண்டாம். முக்கியமாக, பண்ணையில் யூரியா தெளித்துப் பதப்படுத்திய வைக்கோல் இருக்கும், அது மாட்டுக்காகச் செய்தது, அதைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

அப்புறம் அது எலி இல்லை. சரி, ஒருவகையில் சொந்தம்தான்.

மேச்சேரி_ஆட்டுக்காரன் எழுதியது:

பாப்பா, நான் கினி பிக் வளர்த்ததில்லை, ஆடு நாற்பது உருப்படி இருக்கிறது, முயல் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். புல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு விற்றது புல் என்று சொல்லமுடியாது, புல்லின் எலும்பு. மஞ்சள், தண்டு, வாசம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது. கொழுக்கட்டைப் புல் ஐப்பசி கார்த்திகை மழையில் கிளம்பும், பூக்கிற சமயத்தில் அறுத்தால்தான் இலை இருக்கும், சத்து இருக்கும். ஆனால் அந்தச் சமயத்தில் வெயில் ஏது? அறுத்துப் போட்டால் மேலே மழை, அழுகும். அதனால் பெரும்பாலான ஆட்கள் அறுக்காமல் விட்டுவிடுவார்கள், தை மாசி வெயிலில் அது நின்றவாக்கிலேயே காய்ந்து, விதை உதிர்ந்து, இலை சருகாகிக் காற்றில் போய், வெறும் தட்டாக நிற்கும். அதை அறுத்துக் கட்டி விற்பது ரொம்ப சுலபம், காயவைக்கிற வேலையே இல்லையே! செம்மறிக்கு அதுவே போதும், அது நடந்து நடந்து வேறு எதையாவது பொறுக்கித் தின்றுகொள்ளும். கூண்டில் இருக்கிற ஜீவனுக்குப் போதாது.

நல்ல புல் வேண்டுமென்றால் தண்ணீர் பாய்ச்சுகிற தோட்டத்தில், மாசி பங்குனியில், பூ எட்டிப் பார்க்கும்போது அறுத்தது வேண்டும். காலையில் பனி இறங்கி உலர்ந்தபிறகு அறுக்கவேண்டும். அன்றைக்கு ஒரு மத்தியானம் வெயிலில் போட்டு வாட்டி, ரெண்டு தடவை புரட்டி, அப்புறம் கொட்டகைக்குள் மெல்லிசாகப் பரப்பி நிழலில் காயவைக்கவேண்டும். மூன்று நாளும் வெயிலிலேயே போட்டால் பச்சை போய்விடும், இலை நொறுங்கிவிடும், தண்டுதான் மிஞ்சும். சரியாகக் காய்ந்தது பாசிப்பயறு நிறத்தில் இருக்கும், கையில் பிடித்துத் திருகினால் நரநர என்று ஒடியும், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தேயிலை டப்பா திறந்த மாதிரி ஒரு வாசம் வரும். நாலு கிலோ பச்சை அறுத்தால் ஒரு கிலோ காய்ந்தது கிடைக்கும், அவ்வளவுதான். பச்சை கிலோ 5 ரூபாய் என்று வைத்தாலும் காய்ந்தது 20 ஆகிவிட்டது, புரட்டிப் போடுகிற ஆளுக்குக் கூலி சேர்த்தால் 50, 60 வரும். 25 ரூபாய்க்குக் கொடுக்கிறான் என்றால் அவன் எதையோ விட்டுவிட்டான் என்று அர்த்தம்.

ஊசிப்புல் கலந்திருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். அந்த முள் ஆட்டுத் தோலையே குத்திக்கொண்டு உள்ளே போகும், உங்கள் குட்டியின் கண்ணிலும் வாயிலும் என்ன செய்யும் என்று யோசியுங்கள். பார்த்தீனியம் ஒரு குச்சி இருந்தாலும் அந்தக் கட்டை ஓரம் வையுங்கள்.

மலைமேல்_மூடுபனி எழுதியது:

நான் ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில் இருக்கிறேன். ரெண்டு கினி பிக், நாலு வருஷமாக. கீழே இருப்பவர்களுக்கு வெயில் பிரச்சினை, எங்களுக்கு அது இல்லை, சித்திரையில்கூட இவை சுகமாக இருக்கும். எங்கள் பிரச்சினை ஈரம்.

இரண்டு வருஷம் முன்னால் நானும் உங்களை மாதிரி கணக்குப் போட்டு, கீழேயிருந்து 20 கிலோ நல்ல புல்லாகவே வாங்கிவந்து, பிளாஸ்டிக் சாக்கில் வாயைக் கட்டிப் பரணில் ஏற்றினேன். புரட்டாசி வந்தது, ஐப்பசி வந்தது, வீட்டுக்குள்ளேயே மூடுபனி. ஒரு நாள் சாக்கைத் திறந்தால் கதகதவென்று சூடு, நடுவில் சாம்பல் நிறத்தில் பூசணம், உதறினால் புகை மாதிரி கிளம்புகிறது. மேலே இருந்தது நன்றாகத்தானே இருக்கிறது என்று பத்து நாள் அதைப் போட்டிருக்கிறேன், அதுதான் நான் செய்த தப்பு. ஒன்றுக்குத் தும்மல், மூக்கு ஒழுகல், அப்புறம் மூச்சு விடும்போது டிக் டிக் என்று சத்தம். இங்கே பக்கத்தில் பார்த்த ஒருவர் நாய்க்குப் போடுகிற ஆன்டிபயாட்டிக்கை எழுதிக்கொடுத்தார், நல்லவேளை வாங்குவதற்குமுன் விசாரித்தேன், பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் இவற்றின் குடலே கெட்டுச் செத்துப்போகுமாம். இருபது கொண்டை ஊசியும் இறங்கி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோனோம். பிழைத்துவிட்டது. மீதிப் புல் முழுவதும் காப்பிச் செடிக்கு உரமாகப் போனது. மிச்சம் பிடித்த காசைவிட டீசல் செலவு அதிகம்.

அதிலிருந்து நான் செய்வது: பிளாஸ்டிக் சாக்கு கிடையாது, சணல் சாக்கு அல்லது அட்டைப்பெட்டி, தரையைத் தொடாமல் பலகைமேல். மூன்று வாரத்துக்கு மேல் சேர்த்துவைப்பதில்லை. வாங்கும்போது உப்புச் சோதனை செய்வேன். கண்ணாடி ஜாடியில் ஒரு கைப்பிடி புல்லை நறுக்கிப் போட்டு, ஒரு கரண்டி உலர்ந்த உப்பு சேர்த்து, மூடி, ரெண்டு நிமிடம் குலுக்கவேண்டும். உப்பு பொலபொலவென்றே இருந்தால் புல் காய்ந்திருக்கிறது, கட்டி பிடித்தால் ஈரம். ஏற்காட்டில் உப்பே ஈரமாகத்தான் இருக்கும் என்பதால் முதலில் வாணலியில் வறுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

மலையில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால்: எஸ்டேட்டுக்குள் சும்மா கிடைக்கிறதே என்று புல்லை அறுத்துவராதீர்கள். காப்பிக்கும் மிளகுக்கும் அடிக்கிற போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும், சொட்டுச் சொட்டாகக் கீழே புல்லில்தான் விழுகிறது. களைக்கொல்லி அடித்த இடமாகவும் இருக்கலாம். அதில்லாத இடத்தில் உண்ணிச்செடியும் பெரணியும் கலந்து வரும், ரெண்டுமே விஷம்.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்ததும் டிமோத்தியைப் போட்டுவிட்டேன். மூன்றும் வருஷக்கணக்கில் பட்டினி கிடந்த மாதிரி பாய்ந்தன, வீட்டில் நான்தான் வில்லி. தட்டுவடை இன்று காலை 981.

ஆட்டுக்கார ஐயா, கட்டை உதறிப் பார்த்தேன், ஊசிப்புல் இல்லை, பார்த்தீனியம் ரெண்டு குச்சி இருந்தது. விற்றவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் ஆட்டுக்கு என்றுதான் நினைத்திருப்பார், நான்தான் எதற்கு என்று சொல்லவே இல்லை, சொன்னால் சிரிப்பாரோ என்று கூச்சம்.

கோ-4, அருகம்புல் பற்றி யாரும் சொல்லவில்லையே? குதிரைமசால் காய்ந்தது ஒரு கடையில் கிலோ 80க்கு இருக்கிறது, பச்சைப்பசேல் என்று வாசமாக இருக்கிறது, அது ஆகுமா?

கால்நடை_நாலாம்வருஷம் எழுதியது:

குதிரைமசால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், போட்டால் மூன்றும் சண்டை போட்டுத் தின்னும், அதுதான் அதில் உள்ள ஆபத்து. அது புல் இல்லை, பயறு வகை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளர்கிற குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் நல்லது, ஆறு மாதம் தாண்டியதற்குத் தினத் தீனியாகப் போட்டால் மூத்திரப்பையில் கல் சேரும். மூத்திரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி மாதிரி நிறையத் தெரிந்தாலே கவனிக்கவேண்டும். முறுக்குக்கு மட்டும் தனியாக ஒரு பிடி கொடுக்கலாம், மற்ற இரண்டும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள முடிந்தால். வேலிமசாலும் கடலைக்கொடியும் இதே கணக்கு. சூபாபுல் மரத்தழை வேண்டவே வேண்டாம், அதில் உள்ள மைமோசின் என்கிற நச்சு அசைபோடாத விலங்குகளுக்கு முடி கொட்டவைக்கும்.

கோ-4 என்பது கம்பு நேப்பியர். மாட்டுக்காகக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ஒட்டுப்புல், தண்டு கரும்பு மாதிரி பருமன், வீட்டில் காயவைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பூசணத்துக்கு அதைவிட வசதி வேறில்லை. அதோடு ஆக்சலேட் அதிகம், இளசாக அறுத்தால் இன்னும் அதிகம். ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்ளும். மாட்டுக்கு முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களே அதைச் சிதைத்துவிடும். குதிரை, முயல், கினி பிக் போன்றவற்றுக்கு நொதிக்கிற இடம் கடைசியில் இருப்பதால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கொழுக்கட்டைப் புல்லுக்கும் இந்தக் குறை உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை பஃபல் புல் என்பார்கள், அதை மட்டுமே மேய்ந்த குதிரைகளுக்கு எலும்பிலிருந்து சுண்ணாம்பு போய் முகம் வீங்குகிற நோய் வருகிறது. அதற்காக அது விஷம் என்று ஓடவேண்டாம். அது ஒன்றையே நூற்றுக்கு நூறு ஆக்காதீர்கள், கலந்து போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கினியா புல் என்று ஒன்று இருக்கிறது, இலை அதிகம், மெல்லிய தண்டு, நன்றாகக் காயும். அதிலும் ஆக்சலேட் உண்டு, கலவையில் ஒன்றாக இருக்கலாம். (பெயரைப் பார்த்து இது அதற்கென்றே படைத்தது என்று நினைக்காதீர்கள். புல் ஆப்பிரிக்கா, பிராணி தென்னமெரிக்க மலைநாடு, ரெண்டும் பிறந்த ஊரில் சந்தித்ததே இல்லை.)

என்னைக் கேட்டால் அருகம்புல்தான் அடிப்படை. வெளிநாட்டில் பெர்முடா ஹே என்று கினி பிக்குக்கும் முயலுக்கும் விற்கிறார்களே, அது நம் பிள்ளையாருக்குப் போடுகிற அதே அருகுதான். மெல்லிய தண்டு, வீட்டு மாடியிலேயே ரெண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும், ஆக்சலேட்டும் மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் ரொம்ப மெல்லிசு என்பதால் பல் அரைபட அது மட்டும் போதாது, அதனால் அதில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டுக்கார ஐயா சொன்ன மாதிரி சரியாக அறுத்த கொழுக்கட்டை சேருங்கள். கோயில் வாசல் கட்டு எங்கே பிடுங்கியது என்று கேட்டுக்கொள்ளுங்கள், சாக்கடை ஓரம், ரோட்டோரம் என்றால் வேண்டாம். மாலையாகக் கட்டிச் சாத்தியதைத் திருப்பி வாங்குகிற யோசனை இருந்தால் அதையும் விடுங்கள், குங்குமமும் எண்ணெயும் இருக்கும்.

மாற்றுகிற முறைக்கு வருகிறேன். முதல் வாரம் பத்துப் பிடி டிமோத்திக்கு ஒரு பிடி புதுசு, ரெண்டையும் கையால் நன்றாகக் கலந்து, டிமோத்தியின் வாசம் அதில் ஏறும்படி ஒரே பெட்டியில் மூடிவையுங்கள். தின்றால் அடுத்த வாரம் ரெண்டு மூன்று பிடி. எடை நின்றால் நீங்களும் நில்லுங்கள், இறங்கினால் ஒரு படி பின்னால் போங்கள், அவசரமே இல்லை, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகட்டும். உங்கள் வீட்டில் கிராம் தப்பாத தராசு இருக்கிறது, அது எங்கள் யாரிடமும் இல்லாத வசதி, தினமும் காலையில் அதே நேரத்துக்கு நிறுங்கள். இன்னொரு விஷயம், பங்குனிக் கடைசிக்குள் முடிகிற அளவு முடியுங்கள், மீதியை ஆடிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். சேலம் வெயில் 38, 39 என்று போனால் அவை எந்தப் புல்லையும் குறைவாகத்தான் தின்னும், எடை குறைந்தது வெயிலாலா புல்லாலா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

காய்ந்த புல்லில் வைட்டமின் சி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும், எந்த ஊர்ப் புல்லாக இருந்தாலும். மனிதர்களைப் போல இவற்றுக்கும் உடம்பில் அது உற்பத்தி ஆகாது. தினம் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, விதை நீக்கிய கொய்யாத் துண்டு வாரத்தில் ரெண்டு நாள். முருங்கைக்கீரை வேண்டாம், அதிலும் சுண்ணாம்பு அதிகம்.

மேச்சேரி_ஆட்டுக்காரன் எழுதியது:

கால்நடை படிக்கிற தம்பி சொன்னதில் எனக்குப் பாதி புதுசு. எங்கள் பக்கம் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சேலம் பக்கம் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, எந்தப் புல் எந்த மண்ணுக்கு என்று கேட்கவேண்டுமானால் அங்கே போய்க் கேட்கலாம். மாடியில் நாலு தொட்டி வைத்து அருகு வளர்ப்பதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம், ஒரு பிடி வேரோடு பிடுங்கி நட்டால் வேண்டாம் என்றாலும் வளரும். வயலில் அதை ஒழிக்க நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும், இங்கே நீங்கள் காசு கொடுத்துத் தேடுகிறீர்கள்.

மக்காச்சோள மட்டை போடலாமா என்று அடுத்தது கேட்பீர்கள். போடலாம், ஆனால் படைப்புழு வந்ததிலிருந்து மருந்து அடிக்காத மக்காச்சோளம் அபூர்வம். வெளி மட்டை நாலைந்தை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே வெளுப்பாக இருக்கிறதே, அதைக் கழுவிக் கொடுங்கள்.

மலைமேல்_மூடுபனி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். குளிர் நாட்டுப் புல்தானே டிமோத்தி, ஏற்காட்டில் விதைத்தால் வராதா? நான் ஒரு பாத்தி போட்டுப் பார்த்தேன், முளைத்தது, ஒரு சாண் வளர்ந்து அப்படியே நின்றுவிட்டது.

கால்நடை_நாலாம்வருஷம் எழுதியது:

அக்கா, அதற்குக் கோடையில் நீளமான பகல் வேண்டும், அப்போதுதான் தண்டு விட்டுக் கதிர் வரும். ஏற்காடு குளிர்ச்சிதான், ஆனால் பகல் நேரம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒன்றுதானே. முளைத்த அந்த ஒரு சாணைப் பச்சையாகவே நறுக்கிப் போட்டுவிடுங்கள், விருந்து.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், யாராவது இன்னும் பார்க்கிறீர்களா தெரியவில்லை.

முழுசாக மாறவில்லை. இப்போது பாதி டிமோத்தி, பாதி நம்மூர்ப் புல், அதில் அருகு ரெண்டு பங்கு, கொழுக்கட்டை ஒரு பங்கு. அருகு அத்தை வீட்டுத் தோட்டத்திலிருந்து, கன்னங்குறிச்சியில், மருந்து அடிக்காத இடம், மாடியில் பழைய வேட்டிமேல் பரப்பிக் காயவைக்கிறேன். முதல் தடவை வெயிலிலேயே விட்டுவிட்டேன், வெளுத்துப்போய் மூன்றும் தொடவில்லை. ரெண்டாவது தடவை தண்ணீர்த் தொட்டி நிழலில் போட்டேன், பச்சை நின்றது, முறுக்கு அன்றைக்கே தின்றது. நொறுக்கு அதன் வாயிலிருந்தே பிடுங்கித் தின்றது, அப்படித்தான் பழகியது. தட்டுவடைக்கு மூன்று வாரம் ஆனது. இப்போதும் கொழுக்கட்டையில் இலையை மட்டும் உருவிக்கொண்டு தண்டைத் தள்ளிவிடுகிறது, அந்தத் தண்டையெல்லாம் பொறுக்கி அடியில் பரப்புகிறேன். நடுவில் ஒரு வாரம் எடை நின்றது, நானும் நின்றேன். இன்றைக்கு தட்டுவடை 1006, நொறுக்கு 934, முறுக்கு 655.

செலவு: டிமோத்தி மாதம் 2200 கிராம், 1870 ரூபாய். கொழுக்கட்டைக்கு 60 ரூபாய் கணக்கில் முக்கால் கிலோ. அருகு சும்மா, அத்தைக்குப் பூ வாங்கிக் கொடுப்பது தவிர. மொத்தம் இரண்டாயிரத்துக்குள். அப்பாவிடம் சொன்னேன், "இன்னும் ரெண்டாயிரமா" என்றார், ஆனால் காலையில் தராசில் நிறுத்துக் குறித்துவைப்பது இப்போது அவர்தான், நான் எழுவதற்குள் முடிந்துவிடுகிறது. கொலுசு நிறுக்கிற மாதிரி டப்பா எடையைக் கழித்து எழுதுகிறார்.

வெயில் ஏறிவிட்டது, அதனால் இதோடு நிறுத்தி, பாக்கியை ஆவணியில் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஆட்டுக்கார ஐயா, ஓமலூர்க்காரரிடம் பூக்கும்போது அறுத்தது கிடைக்கவில்லை, இந்த முக்கால் கிலோவும் தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் வந்தது, அடுத்த மாதத்துக்கு இல்லை என்கிறார். உங்களிடம் இருக்குமா?

மேச்சேரி_ஆட்டுக்காரன் எழுதியது:

கிணற்றடியில் கால் ஏக்கர் பாய்ச்சலில் நிற்கிறது, இந்த வாரம் பூ எட்டிப் பார்க்கும். வியாழக்கிழமை அறுக்கிறேன், கொட்டகையில் காயட்டும், திங்கட்கிழமை வாருங்கள். சணல் சாக்கு நீங்களே கொண்டுவரவேண்டும், பாப்பா, என்னிடம் இருப்பதெல்லாம் உரச் சாக்கு. வரும்போது அந்த உப்பு ஜாடியையும் எடுத்துவாருங்கள், அது எப்படி என்று நானும் பார்க்கவேண்டும்.